சீட்டாட்டத்தைத் தொழிலாக எடுக்க நினைக்கும் டர்பன் பெண்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் கல்யாணத்துக்கு முந்திய இரவு இரண்டு காரியம் தவறாமல் நடக்கும். பின்கட்டில் பெண்கள் உருளைக்கிழங்கு உரிப்பார்கள். முன்வாசலில் ஆண்கள் ‘துணி’ என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். நான் பின்கட்டிலிருந்து நழுவிப் போய் மாமாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துத்தான் சீட்டு கற்றேன். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. நான்கு இனத்தையும் கூட்டினால் 304. யாழ்ப்பாணத்தார் ஆடும் 304-க்கும் இதே புள்ளிகள்தான். ஆட்டத்தின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் ‘துணி, இறங்கு’ என்று யாரோ என்னிடம் சொல்வதுபோலவே இருக்கும்.

இன்று நான் போக்கர் ஆடித்தான் வீட்டு வாடகை கட்டுகிறேன். பதினொரு வருடமாக ஆடுகிறேன். அதில் முதல் நான்கு வருடம் ஒரு துணி ஆலையில் கணக்கெழுதிக்கொண்டே ஆடினேன். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் இளம்பெண்கள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “அக்கா, எப்படி ஆரம்பிக்கிறது?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. கையில் இருக்கும் வேலையை விடாதீர்கள். போக்கர் மேசையில் ஆட்டக்காரர்கள் ஒருவரிடம் ஒருவர் ஜெயிக்கிறார்கள். ஆனால் காசினோ ஒவ்வொரு கையிலும், அதாவது சீட்டுப் போட்டு ஆடும் ஒவ்வொரு தடவையும், நடுவில் சேரும் பணத்திலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. அதற்கு ரேக் என்று பெயர். அதனால் மேசையில் இருக்கும் அத்தனை பேரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் எப்போதும் நஷ்டம்தான். அந்த நஷ்டத்தைத் தாண்டி மேலே நிற்பவர்கள் கொஞ்சம் பேர். நீங்கள் அந்தக் கொஞ்சம் பேரில் ஒருத்தியா என்பது தெரியவே இரண்டு வருடம் ஆகும்.

எங்கே ஆடலாம், எங்கே கூடாது

தென்னாப்பிரிக்காவில் 18 வயது நிறைந்தவர் உரிமம் பெற்ற காசினோவில் ஆடலாம். 2004-ஆம் ஆண்டின் தேசிய சூதாட்டச் சட்டம் இதற்கு அடிப்படை. உரிமம் கொடுப்பது மாகாணம். டர்பன்காரர்களுக்குக் கடற்கரையில் சன்கோஸ்ட், உம்ஷ்லாங்கா பக்கம் சிபாயா. எந்த நாள் போக்கர் மேசை திறக்கிறார்கள், குறைந்தபட்சம் எவ்வளவோடு உட்கார வேண்டும் என்பதைப் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பெரிய போட்டிகளுக்கு ஜோகன்னஸ்பர்க் பக்கம் போக வேண்டியிருக்கும். என்-3 சாலையில் கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர். இரவு முழுக்க ஆடிவிட்டு வான் ரீனன் கணவாயில் வண்டி ஓட்டாதீர்கள். தூங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

இணையத்தில் பணம் வைத்து போக்கர் ஆடுவது இங்கே சட்டவிரோதம். இணையத்தில் பந்தயம் கட்ட உரிமம் உள்ள நிறுவனங்கள் விளையாட்டுகளுக்கும் குதிரைக்கும் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு போக்கரும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சர்வர் வெளிநாட்டில் இருந்தாலும் ஆடுகிறவர் இங்கே இருந்தால் சட்டம் பொருந்தும் என்பது 2011-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்திலேயே உறுதியான விஷயம். ஜெயித்த பணத்தை அரசு பறிமுதல் செய்யலாம். பணம் வைக்காமல் பழகுவதற்கு மட்டும் செயலிகளைப் பயன்படுத்துங்கள்.

வீடுகளிலும் கிளப்புகளிலும் உரிமம் இல்லாமல் நடக்கும் ஆட்டத்துக்கும் போகாதீர்கள். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒரு தனியார் இடத்தில் 9,000 ரேண்ட் ஜெயித்தேன். “நாளைக்கு வாங்கிக்கோ” என்றார் நடத்தியவர். அந்த நாளை வரவே இல்லை. உரிமம் இல்லாத இடத்தில் ஜெயித்த பணத்துக்கு நீதிமன்றத்தில் போய் நிற்க முடியாது. அதைவிட, அங்கே நுழைவாசலில் நிற்கிற ஆள் யாருடைய ஆள் என்பதும் உங்களுக்குத் தெரியாது.

ஆட்டத்தைக் கற்பது

டெக்சஸ் ஹோல்டெம்மிலிருந்து தொடங்குங்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துக் கொடுப்பார்கள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. இரண்டு சீட்டு வந்ததும் ஒரு சுற்றுப் பந்தயம், நடுச்சீட்டு திறக்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சுற்று, ஆக நான்கு. ஏழு சீட்டில் சிறந்த ஐந்தை வைத்து முடிவு. விதிகளை ஒரே மாலையில் கற்றுவிடலாம்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இங்கே ஒரு சாதகமும் ஒரு ஆபத்தும் உண்டு. ‘துணி’ ஆடி வளர்ந்தவளுக்குச் சீட்டு விழுவதைக் கவனிக்கும் கண் இருக்கும். எதிராளி துருப்பைக் கூப்பிடும்போது குரலில் வரும் சின்னத் தயக்கம் காதில் விழும். இது சாதகம். ஆனால் ‘துணி’யில் 24 சீட்டும் நான்கு பேருக்கும் பங்காகிவிடும், கடைசியில் எல்லாம் வெளியே வரும். போக்கரில் பெரும்பாலான சீட்டு கடைசிவரை தெரியாது. எண்ணி முடிக்கும் ஆட்டம் அங்கே முடிந்து, எடை போடும் ஆட்டம் இங்கே தொடங்குகிறது. இன்னொன்று, ‘துணி’யில் உங்களுக்குக் கூட்டாளி உண்டு. போக்கரில் கிடையாது. கணவரோ சித்தப்பா மகனோ ஒரே மேசையில் இருந்தால், அவருக்கு எதிராக மென்மையாக ஆடுவதே ஏமாற்று. காசினோ இரண்டு பேரையும் வெளியேற்றிவிடும். நானும் என் தம்பியும் ஒரே மேசையில் உட்காருவதே இல்லை.

கணக்குக்கு வருவோம். கையில் இரண்டு ஆஸ் வருவது 221 கைக்கு ஒரு முறை. அப்படி வந்து, எதிராளியிடம் இரண்டு ராஜா இருந்தாலும், ஐந்தில் ஏறக்குறைய ஒரு தடவை நீங்கள் தோற்பீர்கள். இதை மனதில் எழுதி வைத்துக்கொண்டால் பிற்பாடு பல இரவுகளில் அழுகை வராது.

அடுத்து, கேட்கிற விலைக்குத் தக்க வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கணக்கு. உங்கள் கையில் இரண்டு ஆட்டின் (ஹார்ட்) சீட்டு, நடுவில் திறந்த மூன்றில் இரண்டு ஆட்டின். இன்னொரு ஆட்டின் விழுந்தால் ஐந்தும் ஒரே இனம், அநேகமாக ஜெயம். மீதி ஒன்பது ஆட்டின் இருக்கின்றன. அடுத்த ஒரே சீட்டில் அது விழ 19 சதவீத வாய்ப்பு, இரண்டு சீட்டையும் பார்த்தால் 35 சதவீதம். மனக்கணக்காகப் போட, மிச்சச் சீட்டின் எண்ணிக்கையை ஒரு சீட்டுக்கு இரண்டாலும், இரண்டு சீட்டுக்கு நான்காலும் பெருக்கினால் போதும். இப்போது நடுவில் 200 ரேண்ட், எதிராளி 100 வைக்கிறார். நீங்கள் 100 போட்டு 300-க்கு ஆசைப்படுகிறீர்கள். நான்கில் ஒரு முறை, அதாவது 25 சதவீதம், ஜெயித்தால் கட்டுப்படியாகும். அடுத்த சீட்டுக்கு இன்னொரு பந்தயம் வருமென்றால் இந்த 19 சதவீதம் போதாது. எதிராளி தன் கடைசிப் பணத்தைப் போட்டிருக்கிறார், இனி விலையே கேட்க முடியாது என்றால் 35 சதவீதம் தாராளம். விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மிளகாய்த்தூள் விலை கேட்கும்போது நீங்கள் போடும் கணக்கு இதுதான். அங்கே தயங்காத பெண் இங்கேயும் தயங்கத் தேவையில்லை.

எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது சீட்டைவிடப் பெரிது. பந்தயச் சுற்றில் கடைசியாகப் பேசுகிறவர் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசுகிறார். நார்வேயின் அனெட் ஓப்ரெஸ்டாட் 180 பேர் கலந்த ஒரு இணையப் போட்டியை, ஒரே ஒரு தடவை தவிர, தன் சீட்டைப் பார்க்காமலே ஜெயித்தார். இடத்தையும் எதிராளிகளையும் மட்டும் வைத்து ஆடினார். 2007-இல் லண்டனில், போக்கரின் பெரிய போட்டித் தொடரான உலகத் தொடரின் (WSOP) ஐரோப்பியப் பதிப்பில், முக்கியப் போட்டியில் 10 லட்சம் பவுண்ட் ஜெயித்தபோது அவருக்கு 19 வயது முடிய ஒரு நாள் இருந்தது. முதல் ஆறு மாதம், முதலில் பேச வேண்டிய முன்வரிசை இடங்களில் நல்ல சீட்டு மட்டும் ஆடுங்கள். ஒன்பது பேர் மேசையில் பத்துக் கையில் எட்டை ஆடாமல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கப் பழகுவது ஒரு வேலை. அந்த நேரத்தில் மற்றவர்களைப் பாருங்கள்.

நோட்டுப் புத்தகம்

இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் எனக்குப் போதும்.

ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, இடம், எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எவ்வளவு கொண்டுபோனீர்கள், எவ்வளவு கொண்டுவந்தீர்கள். இவ்வளவையும் எல்லோரும் சொல்வார்கள். நான் இன்னும் மூன்று பத்தி சேர்த்தேன்: முந்திய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினேன், வீட்டில் என்ன நடந்தது, ஏன் எழுந்தேன்.

ஒரு வருடம் கழித்து அதை உட்கார்ந்து கூட்டினேன். ஆலைக் கணக்கு எழுதிய பழக்கத்தில் சிவப்பு, நீலம் என்று பிரித்தேன். முதல் நான்கு மணி நேரத்தில் நான் லாபம். ஐந்தாவது மணிக்குப் பிறகு நஷ்டம், அதுவும் கிட்டத்தட்ட ஒவ்வொரு தடவையும். அம்மாவோடு சண்டை போட்டுவிட்டுப் போன நாட்கள் எல்லாம் சிவப்பு. ‘ஏன் எழுந்தேன்’ என்ற பத்தியில் “பணம் தீர்ந்தது” என்று எழுதிய நாட்கள்தான் பெரிய நஷ்டம். “களைப்பு”, “மேசையில் நல்ல ஆட்டக்காரர்கள் மட்டும் மிஞ்சினார்கள்” என்று எழுதிய நாட்களில் தோற்றிருந்தாலும் கொஞ்சம்தான். அன்றிலிருந்து நான்கு மணி நேரம் ஆனால் கையில் என்ன இருந்தாலும் எழுந்துவிடுகிறேன். என் ஆட்டத்தில் வேறு எதையும் மாற்றாமல் அந்த ஒரே விதி என்னை நஷ்டத்திலிருந்து லாபத்துக்குத் தூக்கியது.

புரட்டாசியில் நம் வீடுகளில் விரதம். அந்த மாதம் நான் காசினோ பக்கமே போவதில்லை. முதலில் ஆயாவின் மனசுக்காகத்தான் நிறுத்தினேன். பிறகு பார்த்தால், பதினொரு மாத நோட்டைத் திருப்பிப் படித்துத் திருந்த எனக்குக் கிடைக்கும் ஒரே நேரம் அதுவாக இருந்தது. உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ, வருடத்தில் ஒரு மாதம் சீட்டைத் தொடாமல் இருங்கள். தொடாமல் இருக்க முடியவில்லை என்றால், அதையும் நோட்டில் எழுதுங்கள். அது பெரிய செய்தி.

காசினோ மேசையில் மணிக்கு 25, 30 கைதான் போடுவார்கள். 10,000 கை ஆட 400 மணி நேரம் வரை ஆகும். வாரம் இரண்டு இரவு, நான்கு நான்கு மணி என்றால் ஒரு வருடம். அந்த ஒரு வருடக் கணக்கும் அதிர்ஷ்டத்தால் ஏறியோ இறங்கியோ இருக்கலாம். மூன்று மாதம் ஜெயித்துவிட்டு வேலையை ராஜினாமா செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கைமுதல்

ஆட்டப் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். வீட்டுச் செலவு, பிள்ளை ஃபீஸ், ஏலச்சீட்டுத் தவணை எதுவும் அதைத் தொடக்கூடாது, அதுவும் இவற்றைத் தொடக்கூடாது. 10-க்கு 20 ரேண்ட் பிளைண்ட் (சீட்டைப் பார்க்குமுன் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) உள்ள மேசையில் 2,000 ரேண்டோடு உட்காருவது வழக்கம் என்று வையுங்கள். அந்த மேசைக்கு 30 மடங்கு, அதாவது 60,000 ரேண்ட் கைமுதல் வேண்டும். போட்டிகளுக்கு இன்னும் அதிகம். நூறு பேர் கலந்தால் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் பரிசு, பெரிய தொகை முதல் மூன்று பேருக்கு. எனவே 500 ரேண்ட் போட்டிகளை ஆட 50,000 கைமுதல். கைமுதல் பாதியானால் சின்ன மேசைக்கு இறங்குங்கள். அங்கே அவமானம் ஒன்றும் கிடையாது.

கடன் வாங்கி ஆடாதீர்கள். நகையை வைத்து ஆடாதீர்கள். இதற்கு விதிவிலக்கே கிடையாது.

மேசையில் ஒரே பெண்ணாக

பெரும்பாலான இரவு அப்படித்தான் இருப்பீர்கள். ஆண்கள் இரண்டு வகையாக உங்களைத் தவறாகப் படிப்பார்கள். ஒரு வகைக்கு, பெண் பயந்தவள், பந்தயத்தை ஏற்றினால் ஓடிவிடுவாள். அவரிடம் நல்ல சீட்டுக்காகக் காத்திருங்கள். அவரே உங்களுக்குப் பணத்தைக் கொண்டுவந்து போடுவார். இன்னொரு வகைக்கு, பெண் பொய்ப் பந்தயம் வைக்க மாட்டாள், ஏற்றினால் கையில் நிச்சயம் ஏதோ இருக்கிறது. அவரிடம் இன்னும் கொஞ்சம் துணிந்து ஏற்றுங்கள். யார் எந்த வகை என்று முதல் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

பக்கத்தில் இருக்கிறவர் “தங்கச்சி, இதைப் போட்டுடு” என்று கற்றுக்கொடுக்க வருவார். ஒரு கையை ஒருவர்தான் ஆட வேண்டும் என்பது எல்லாப் போக்கர் அறையிலும் விதி. சிரித்துக்கொண்டே, சீட்டுப் போடும் டீலரைப் பாருங்கள், அவர் சொல்வார். ஆபாசமாகப் பேசினால் சிரிக்கவே வேண்டாம், மேலாளரைக் கூப்பிடுங்கள். முதல் வருடம் நான் கூப்பிடாமல் பொறுத்துக்கொண்டேன். அந்த இரவுகளெல்லாம் நோட்டில் சிவப்பாக இருக்கின்றன.

நமக்கு முன்னால் வந்தவர்களைத் தெரிந்துகொள்வது தைரியம் தரும். பார்பரா என்ரைட் 1995-இல் உலகத் தொடரின் முக்கியப் போட்டியில் கடைசி மேசைவரை வந்து ஐந்தாவதானார். அதே மேசைக்கு அடுத்த பெண், ஸ்பெயினின் லியோ மார்கெட்ஸ், வந்து சேர 2025 ஆனது. முப்பது வருடம்! மரியா கொன்னிக்கோவா உளவியலில் முனைவர். விதிகளே தெரியாமல் எரிக் சைடல் என்ற மூத்த ஆட்டக்காரரிடம் போய்க் கற்று, 2018-இல் பஹாமாசில் ஒரு போட்டியில் 84,600 டாலர் ஜெயித்தார். தெரியாது என்று ஒத்துக்கொண்டு கேட்கத் தெரிந்த பெண் அவர். அதே ஆண்டு நிகிதா லூதர் அணிப் போட்டியில் ஒரு கூட்டாளியோடு ஜெயித்து, உலகத் தொடரில் வென்றவருக்குத் தரும் கைவளையத்தைப் பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். வனெசா செல்ப்ஸ்ட் மூன்று கைவளையமும் ஒரு கோடி டாலருக்கு மேல் பரிசும் பெற்றபின், 2017 முடிவில் இந்தத் தொழிலை விட்டு நிதி நிறுவன வேலைக்குப் போனார். அதையும் கவனியுங்கள். வந்த வழி தெரிந்திருப்பதுபோல, போகும் வழியும் தெரிந்திருந்தது அவருக்கு. நம் நாட்டில் ரேமண்ட் ரஹ்மே 2007-இல் உலகத் தொடரில் மூன்றாவதாக வந்து 30 லட்சம் டாலருக்கு மேல் பெற்றார். இங்கிருந்து போய் அந்த மேசையில் உட்கார முடியும் என்பதற்கு அது சாட்சி.

இந்தப் பட்டியல்களில் வரும் தொகை மொத்தப் பரிசு என்பதை மறக்காதீர்கள். நுழைவுக் கட்டணம், பயணம், பங்கு போட்டவர்களுக்குக் கொடுத்தது எதுவும் அதில் கழிக்கப்படவில்லை.

வரி, வங்கி, வயோதிகம்

எப்போதாவது ஆடுகிறவர் உரிமம் உள்ள இடத்தில் ஜெயித்த பணத்துக்குப் பொதுவாக வருமான வரி இல்லை. ஆனால் அதையே தொழிலாக நடத்தினால் அது வருமானம், வரித் துறையான சார்ஸ் வரி கேட்கும். அப்போது ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் முன்வரி கட்ட வேண்டும். இந்த இடத்தில் உங்கள் நோட்டு ஆதாரமாக நிற்கும். ஒரு வரி ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அமெரிக்காவில் வெளிநாட்டவர் ஜெயித்தால் 30 சதவீதம் பிடிப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் வரி கட்டுகிறவர்களுக்கு இரு நாட்டு ஒப்பந்தப்படி அதில் விலக்கு உண்டு. அதற்கு அந்நாட்டு வரி எண் வேண்டும், போகும் முன்பே அதைக் கவனியுங்கள்.

சம்பளச் சீட்டு இல்லாதவளுக்கு வங்கி வீட்டுக்கடன் கொடுக்கத் தயங்கும். மெடிக்கல் எய்டும் ஓய்வூதியச் சேமிப்பும் நீங்களே கட்ட வேண்டும். ஆறு மாத வீட்டுச் செலவு கைமுதலுக்கு வெளியே இருந்தால் மட்டும் வேலையை விடுவதைப் பற்றி யோசியுங்கள்.

வீட்டில்

ஒளிக்காதீர்கள். ஆயா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “தோத்தா எழுந்து வருவியாடி?” நான் நோட்டை எடுத்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பக்கம் பக்கமாகத் திருப்பி, சிவப்பு எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டில் யாருக்காவது, உங்களுக்கேகூட, நிறுத்த முடியவில்லை என்று தோன்றினால் 0800 006 008 என்ற இலவச எண்ணில் பேசுங்கள். காசினோவுக்குள் தன்னை விடவேண்டாம் என்று தானே எழுதிக்கொடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. குடும்பத்தார் நீதிமன்றத்தில் கேட்டு ஒருவரைத் தடைப் பதிவேட்டில் சேர்க்கவும் வழி உண்டு. கணவரின் சூதாட்டத்தால் தவிக்கிற எத்தனையோ பெண்களுக்கு இது தெரியாமலே இருக்கிறது. தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

முதல் இரவு

பகலில் தூங்குங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், வங்கி அட்டையை வீட்டில் வையுங்கள். ஒரே ஒரு தடவை உட்காரும் பணம் மட்டும் கையில். போகும்போதே பெட்ரோல் போட்டுவிடுங்கள், வெளிச்சத்துக்குக் கீழே நிறுத்துங்கள். டீலரிடம் “இதுதான் முதல் தடவை” என்று சொல்லுங்கள், முறை எதுவென்று எடுத்துச் சொல்வார். சீட்டை மேசையை விட்டுத் தூக்காமல் ஓரத்தை மட்டும் மடக்கிப் பாருங்கள். சிப்பை (பணத்துக்குப் பதிலாகத் தரும் வில்லை) ஒரே தடவையில் முன்னே தள்ளுங்கள், அல்லது தொகையை வாயால் சொல்லுங்கள். குடிக்காதீர்கள்.

இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். சிப்பைக் கொடுத்துப் பணமாக மாற்றுங்கள். தொகை பெரிதாக இருந்தால் வங்கிக் கணக்குக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். எவ்வளவு ஜெயித்தீர்கள் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். கார்வரை துணைக்கு ஆள் வேண்டும் என்று பாதுகாவலரிடம் கேட்டுவிட்டு, அவர் வரும்வரை உள்ளேயே, வெளிச்சத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து முதல் வரியை எழுதுங்கள்.